நீதியரசரும் குருவானவரும்

நட்பைப் பற்றிப் பேசப் புகும் தமிழாசிரியர் எவரும் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் குறிப்பிடாது விடுவதில்லை. ஒருவரையொருவர் காணாதிருந்தே உள்ளத்தால் ஒன்றியவர்கள் அவர்கள். உணர்வு ஒத்தமையால் அந்நட்பு நிலைத்தது என்றே நாமும் மாணவர்க்குக் கற்பித்து வருகிறோம். ஒரு நாள் வகுப்பிலே மாணவர் ஒருவர் எழுந்து, "உணர்வும் கொள்கையும் ஒவ்வாத இருவர் நண்பராக இருக்க முடியாதா?" என்று வினவினார். முடியும் என்று கூறிவிட்டோம். ஆனால் அதற்குச் சான்று காட்ட அவ்வேளை எம்மால் இயலவில்லை. அன்று கொடுக்கத் தவறிய சான்றினை இன்று இங்கு கொடுக்க முற்படுகிறோம். இஃது ஒரு மாணவரின் ஐயத்தைத் தீர்க்கும் முயற்சி மட்டுமன்று. கொள்கைப் பற்றுடையோம் என்று கூறிக்கொள்ளும் நாம், எமது கொள்கையை ஏற்காதவரோடு எவ்வாறு பழகுகிறோம் என்பதும் இதனோடு தொடர்புடையதே.

நாம் எடுத்துக்கொள்ளும் சான்று, அமெரிக்க உயர் நீதிமன்ற நீதியரசர் ஒலிவர் வெண்டல் ஹோம்ஸ் என்பாருக்கும், அயர்லாந்தின் கோர்க் மாவட்டத்திலே டொனறேயில் என்னும் சிற்றூரிற் பங்குக் குருவாயிருந்த கனன் பற்றிக் ஒகஸ்ரின் ஷீஹன் என்பாருக்கும் இடையே 1903 முதல் 1913 வரை நிலவிய கடித நட்பு. முன்னவர் எச்சமயத்தையும் நம்பாத ஐயவாதி. பின்னவர் கத்தோலிக்க விசுவாசத்தில் அணுவளவும் தளராத துறவுள்ளத்தினர். இருவர்க்குமிடையே ஓடிய கடிதங்களுள் எஞ்சியவை 1976ஆம் ஆண்டு டேவிட் பேட்டன் என்னும் வரலாற்றாசிரியரால் தொகுக்கப்பட்டு நூலுருப் பெற்றன.

மனிதரைப் புரிந்துகொள்ள வேண்டுமாயின் அவர்களை உருவாக்கிய சமுதாயத்தை முதலில் நோக்க வேண்டும்.

ஹோம்ஸ் 1841ஆம் ஆண்டு பொஸ்டன் நகரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் மருத்துவர்; புகழ்பெற்ற எழுத்தாளருமாவார். பொஸ்டன் நகரத்துப் பழங்குடிச் செல்வர்களை, கல்வியும் குலப்பெருமையும் வாய்ந்த அச்சிறு கூட்டத்தினரை, 'பிராமண சாதி' என்று முதன்முதல் எழுத்திற் பெயரிட்டு வழங்கியவர் அத்தந்தையாரே என்பது எம்மவர் கவனத்திற் கொள்ளத்தக்கது. எமது மண்ணின் சாதிப் பெயர் ஒன்று கடல் கடந்து சென்று அங்குள்ள மேட்டுக்குடியினருக்குப் பெருமையாக ஒட்டிக்கொண்டது! அந்தப் 'பிராமணர்' வீடுகளிற் சமைத்தவரும் துணி துவைத்தவரும் பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கத்தோலிக்கப் பெண்களே. கத்தோலிக்கர் மீதான வெறுப்பு அந்நகரில் எத்துணை ஆழமானது என்பதற்கு ஒரு சான்று போதும். 1834ஆம் ஆண்டு பொஸ்டனை அடுத்த சார்ள்ஸ்ரவுனிலிருந்த கன்னியர் மடத்தை ஒரு கும்பல் தீயிட்டுக் கொளுத்திற்று.

இருபது வயதில் ஹோம்ஸ் உள்நாட்டுப் போருக்குச் சென்றார். அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்னும் இலட்சிய வேகம் அவரிடம் அப்போதிருந்தது. மும்முறை குண்டடிபட்டார். முதலில் மார்பிலும், அடுத்த ஆண்டு கழுத்திலும், அதற்கடுத்த ஆண்டு காலிலும் காயமுற்றுத் தப்பினார். உடன் சென்ற நண்பர் பலர் மீளவில்லை. அசைக்கமுடியாத நிச்சயங்கள் மோதும்போது மனிதர் மடிகின்றனர் என்னும் எண்ணம் அப்போரில் அவர் உள்ளத்தே பதிந்தது என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கூறுவர். பின்னர் அவர் சட்டம் பயின்று, 1881இல் பொதுச் சட்டம் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். சட்டம் வானத்திலிருந்து இறங்கியதன்று, மனிதரின் தேவைகளிலிருந்தும் அனுபவத்திலிருந்தும் வளர்ந்தது என்பதே அந்நூலின் அடிநாதம். மசாச்சுசெற்ஸ் மாநில நீதிமன்றத்தில் இருபது ஆண்டுகள் பணியாற்றியபின் 1902இல் நாட்டின் உயர் நீதிமன்றத்திற்கு நியமனம் பெற்றார்.

ஹோம்ஸ் பிறந்த 1841இல் அயர்லாந்தின் குடித்தொகை எண்பத்தோரு இலட்சத்துக்கு மேற்பட்டிருந்தது. 1911இல் அது நாற்பத்து நான்கு இலட்சத்துக்கும் குறைந்தது. இடையே நிகழ்ந்தவை உருளைக்கிழங்குப் பஞ்சமும் அதன்பின் ஓயாது தொடர்ந்த குடிபெயர்வும். பஞ்சம் ஓய்ந்த காலத்தில், 1852ஆம் ஆண்டு, மாலோ என்னும் ஊரிற் பிறந்தவர் ஷீஹன். இளமையிலேயே பெற்றோரை இழந்து, மேனூத் குருமடத்திற் பயின்று, 1875இல் குருப்பட்டம் பெற்றார். குயீன்ஸ்ரவுன் துறைமுகத்தில் அவர் துணைக்குருவாகப் பணியாற்றிய ஆண்டுகளில், அமெரிக்காவுக்குக் கப்பலேறும் கிராமத்து இளைஞரையும் யுவதிகளையும் நாள்தோறும் கண்டிருப்பார். இன்று கோவ் என்று வழங்கும் அதே துறையிலேதான் அமெரிக்கத் தபாற் கப்பல்களும் வந்து தங்கின. ஹோம்சின் கடிதங்களைச் சுமந்து வந்த வழியும், அயர்லாந்தின் மக்களைச் சுமந்து சென்ற வழியும் ஒன்றே.

1895இல் ஷீஹன் டொனறேயிலின் பங்குக் குருவானார். ஆங்கிலக் கவிஞர் எட்மண்ட் ஸ்பென்சர் வாழ்ந்த கில்கொல்மன் கோட்டையின் இடிபாடுகள் அவ்வூருக்கு அணித்தே உள்ளன. குடியேற்ற ஆட்சியின் அலுவலராக அங்கு நிலம் பெற்று வாழ்ந்த அக்கவிஞரின் கோட்டை 1598இல் அயர்லாந்தரின் கிளர்ச்சியில் எரிந்தது. ஷீஹன் அங்கிருந்துகொண்டே 'எனது புதிய துணைக்குரு', 'கிளெனனார்' முதலிய நாவல்களை எழுதினார். முன்னது ஓர் அமெரிக்கத் திருச்சபைச் சஞ்சிகையில் தொடராக வந்து, 1900இல் நூலாகி அவருக்குப் புகழ் தேடித் தந்தது. பின்னது 1829இல் டொனறேயிற் குடியானவர்மீது சாட்டப்பட்ட சதி வழக்கை அடிப்படையாகக் கொண்டது. டானியல் ஓ'கொனல் இரவோடிரவாகக் குதிரை வண்டியில் விரைந்து வந்து அவர்களுக்காக வாதாடிய அவ்வழக்கு அம்மக்கள் நினைவில் நெடுங்காலம் நின்றது.

1903ஆம் ஆண்டுக் கோடையில் இவ்விருவரும் சந்தித்தனர். சந்திப்பதற்குக் காரணமாயிருந்தது எது? டொனறேயில் மாளிகை. செயின்ட் லெஜர் என்னும் புரட்டஸ்தாந்து நிலப்பிரபுக்களின் இருப்பிடம் அது. அவ்வில்லத்திற் பிறந்த காசில்ரவுண் பெருமாட்டி ஹோம்சுக்கு நெடுநாட் பழக்கமானவர். அவரும் அவருடைய கணவரும் ஷீஹனிடமும் மதிப்புக் கொண்டிருந்தனர். அதே ஆண்டில்தான் குடியானவர் தாம் பயிரிட்ட நிலத்தை அரசாங்கக் கடனுதவியுடன் பிரபுக்களிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்ள வழிசெய்த விண்டம் நிலச் சட்டம் நிறைவேறிற்று. தமது பங்கு மக்கள் அச்சட்டத்தின் பயனைப் பெறுதற்கு ஷீஹன் துணைநின்றார். ஆக, பிரபுவின் விருந்தினரான நீதியரசரும், பிரபுவின் நிலம் குடியானவர் கைக்கு மாறத் துணைசெய்த குருவானவரும் அப்பிரபுவின் தொடர்பினாலேயே அறிமுகமாயினர். இம்முரண்பாட்டை நாம் மறைக்க விரும்பவில்லை. இந்த நட்புக்கு இடமளித்தது ஓய்வும் கல்வியும் வாய்ந்த ஒரு சிறு வட்டம். அடுத்த வயலில் உழைத்தவனுக்கு அவ்வட்டத்தில் இடமிருக்கவில்லை.

ஆயினும் நட்பு உண்மையானதே. ஷீஹன் ஜெர்மன் இலக்கியத்திலும் தத்துவத்திலும் திளைத்தவர். கான்ற் பற்றியோ கதே பற்றியோ உரையாட அச்சிற்றூரில் அவருக்குத் துணையில்லை. வாஷிங்டனில் இருந்து வந்த கடிதங்கள் அத்தனிமையை நீக்கின. ஹோம்சுக்கோ துணைக்குக் குறைவில்லை. ஆனால் அவரைச் சூழ்ந்தோருட் பலர் அவர் எண்ணுவதையே எண்ணினர், அன்றேல் அவரை வியந்து நின்றனர். வியப்பின்றியும் வெறுப்பின்றியும் மறுத்துரைக்கும் ஒருவரை அவர் டொனறேயிலிற் கண்டார். நூல்களை ஒருவருக்கொருவர் அனுப்பினர், படித்ததைப் பற்றி எழுதினர். ஷீஹனின் 'தேவதாருக்களின் கீழும் விண்மீன்களின் கீழும்' என்னும் சிந்தனை நூலை ஹோம்ஸ் பாராட்டினார். ஆனால் அதன் அடிப்படையைத் தாம் ஏற்கவில்லை என்பதையும் மறைக்கவில்லை. ஷீஹனும் நண்பரை மதம் மாற்றும் உபாயமாகக் கடிதத்தைப் பயன்படுத்தவில்லை. பத்தாண்டுகளின் முடிவில் ஐயவாதி ஐயவாதியாகவே இருந்தார், குருவானவர் குருவானவராகவே இருந்தார்.

அங்ஙனமாயின் இக்கடிதங்களின் பயன்தான் யாது என்று கேட்கலாம். மாற்றத்தை மட்டுமே பயனாகக் கொள்வோர் இங்கு ஏமாற்றமடைவர். தம் எதிரே நிற்பவன் மூடனுமல்லன், வஞ்சகனுமல்லன் என்னும் அறிவு பெறுதற்கரியது. பொஸ்டன் 'பிராமணர்' ஒருவர், தம் நகரத்தார் அடுக்களையில் வைத்து அறிந்த ஒரு சமயத்தின் அறிவாழத்தை முதன்முதலாக ஒரு நண்பனின் கையெழுத்திலே அறிந்தார். அதுபோலவே, நம்பிக்கையற்றோர் ஒழுக்கமற்றோர் என்று பிரசங்கபீடங்களில் முழங்கப்பட்ட அக்காலத்தில், நம்பிக்கையற்ற ஒருவரின் நேர்மையை ஷீஹன் நேரிற் கண்டார். அயர்லாந்து அரசியலிலும் அவர் அப்பாதையையே தழுவினார். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தரும் இணங்கி வாழ வேண்டும் என்று 1910இல் வில்லியம் ஓ'பிரயன் தொடங்கிய 'அனைவர்க்கும் அயர்லாந்து' இயக்கத்தின் ஆதரவாளராக விளங்கினார்.

இருவரிடத்தும் குறைகள் இருந்தன. 1905இல் நியூயோர்க் பேக்கரித் தொழிலாளரின் வேலை நேரத்தை நாளொன்றுக்குப் பத்து மணியாக வரையறுத்த சட்டத்தை உயர் நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கிற் செல்லாதென்றது. ஹோம்ஸ் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார். அதனால் முற்போக்காளர் அவரைத் தம்மவரெனக் கொண்டாடினர். ஆனால் தொழிலாளர்பால் எழுந்த பரிவினால் அவர் அவ்வாறு எழுதவில்லை. சீர்திருத்தங்களால் பெரும் பயன் விளையும் என்று அவர் நம்பியவரல்லர். பெரும்பான்மையோர் விரும்பிச் சட்டமியற்றின் அதனைத் தடுக்க நீதிபதிக்கு உரிமையில்லை என்பதே அவர் கொள்கை. ஷீஹனோ ஏழைகள்பால் உண்மையான பரிவுடையவர். எனினும் தொழிலாளர் தாமே அணிதிரள்வதை அவர் அச்சத்தோடு நோக்கினார் என்பதை 1912இல் வெளிவந்த அவருடைய 'மிரியம் லூக்காஸ்' நாவல் காட்டுகிறது. 1913 ஆகஸ்டில் டப்ளின் தொழிலாளரின் பெரும் போராட்டம் வெடித்தது. சில வாரங்களில், பட்டினி கிடந்த பிள்ளைகளை இங்கிலாந்துக்கு அனுப்பிக் காப்பாற்ற முயன்றோரைத் திருச்சபைத் தலைமை எதிர்த்தது. ஒருவர் பரிவின்றி நீதி வழங்கினார். மற்றவர் பரிவிருந்தும் அதனை வேண்டியோரின் அமைப்பைக் கண்டு அஞ்சினார்.

1913 கோடையில் ஹோம்ஸ் இறுதிமுறையாக டொனறேயிலுக்கு வந்தார். அவருக்கு வயது எழுபத்திரண்டு. ஷீஹன் புற்றுநோயால் நலிந்திருந்தார். தமது நூலகத்திலிருந்து விரும்பிய நூலொன்றை எடுத்துக்கொள்ளுமாறு நண்பரிடம் கூறினார். ஹோம்ஸ் தேர்ந்தெடுத்தது ஸ்பானிய யேசு சபைக் குருவான பிரான்சிஸ்கோ சுவாரெஸ் 1612இல் வெளியிட்ட 'சட்டங்கள் பற்றி' என்னும் இலத்தீன் நூல். மனிதர் இயற்றும் சட்டங்களுக்கு மேலாக, இறைவனின் அறிவிலே வேரூன்றிய இயற்கைச் சட்டம் ஒன்றுண்டு என்று வாதிப்பது அந்நூல். தாம் நம்பாத கொள்கையின் தலைசிறந்த நூலை நினைவுச் சின்னமாகக் கேட்டுப் பெற்றார் ஐயவாதி. அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் ஷீஹன் காலமானார்.

எமது கதை இங்கு முடிந்திருந்தால் அழகாக முடிந்திருக்கும். வரலாறு அதனோடு முடியவில்லை.

1918இல் ஹோம்ஸ் இயற்கைச் சட்டக் கொள்கையை மறுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார். தாம் பழகிய வழக்கங்களையே எங்கும் எவரும் ஏற்கவேண்டிய உண்மையாகக் கருதும் மயக்கமே அக்கொள்கை என்பது அவர் கருத்து. அதற்கடுத்த ஆண்டு மார்ச்சில், போரை எதிர்த்துப் பேசிய சோசலிசத் தலைவர் யூஜின் டெப்சுக்கு விதிக்கப்பட்ட பத்தாண்டுச் சிறைத் தண்டனையை உறுதிசெய்த தீர்ப்பை எழுதியவர் அவரே. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், துண்டுப் பிரசுரம் வீசிய ருஷ்யக் குடியேறிகளுக்காக மாறுபட்ட தீர்ப்பெழுதிப் பேச்சுரிமையின் காவலராக உயர்ந்தார். எட்டு மாதத்தில் இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது? லேர்னட் ஹாண்ட், ஹரல்ட் லாஸ்கி முதலிய இளைய நண்பர்கள் நேரிலும் கடிதத்திலும் அவரோடு ஓயாது வாதிட்டனர் என்பது வரலாறு. நாம் நம்புவது தவறாகவும் இருக்கலாம் என்று ஐயுறுபவன் பிறர் வாயை அடைக்க அஞ்சுவான். ஐயத்தின் மேன்மை அங்கு வெளிப்பட்டது.

அதன் வறுமை 1927இல் வெளிப்பட்டது. தகுதியற்றோர் எனப்படுவோர் பிள்ளை பெறலாகாது என்னும் இனமேம்பாட்டுக் கொள்கை அமெரிக்காவிற் பரவியிருந்த காலம் அது. 1924இல் வேர்ஜீனியா மாநிலம் 'மந்தபுத்தியினர்' என்று முத்திரை குத்தப்பட்டோரை மலடாக்கும் சத்திரசிகிச்சைக்குச் சட்டமியற்றிற்று. கரி பக் என்னும் ஏழை இளம்பெண்மீது அது முதலிற் பாய்ந்தது. எட்டு நீதியரசர் அச்சட்டம் செல்லும் என்றனர். அத்தீர்ப்பை எழுதியவர் ஹோம்ஸ். தாயும் மகளும் பேர்த்தியுமாக மூன்று தலைமுறை மூடர் போதும் என்னும் கருத்துப்பட அவர் எழுதிய கொடிய வாசகம் இன்றும் அவர் பெயரை விட்டு நீங்கவில்லை. பின்னர் வெளிவந்த உண்மை யாது? அப்பெண் மந்தபுத்தியினளல்லள். வளர்ப்புப் பெற்றோரின் உறவினன் ஒருவனால் வன்புணர்வுக்குள்ளாகிக் கருவுற்றவள். அவளுடைய குழந்தை பள்ளிக்கூடத்திற் சிறப்புத் தேர்ச்சிப் பட்டியலில் இடம்பெற்று, எட்டு வயதில் 1932இல் இறந்தது.

அத்தீர்ப்பில் மாறுபட்டவர் ஒருவரே. பியர்ஸ் பட்லர் என்னும் கத்தோலிக்கர். தொழிலாளர் நலச் சட்டங்களை எதிர்த்துவந்த பழைமைவாதி அவர். காரணம் எதனையும் அவர் எழுதவில்லை. முற்போக்காளரின் தலைமகனாகப் போற்றப்பட்ட பிராண்டைஸ் பெரும்பான்மையோடு சேர்ந்தார். எட்டு ஆண்டுகளுக்குமுன் ஹோம்சின் மனத்தை அசைத்தவர்களுள் ஒருவரான லாஸ்கி, சோசலிசவாதியாக இருந்தும், வேடிக்கை கலந்து அதனை ஆமோதித்தே கடிதம் எழுதினார். இவ்வுண்மையை முற்போக்குச் சஞ்சிகை ஒன்றின் வாசகருக்குக் கூறுவதற்கு எமக்குக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் கூறித்தான் ஆகவேண்டும். விஞ்ஞானம் என்ற பெயரோடு வந்த ஓர் அநீதியை எம் அணியினர் எனத்தக்கோர் அடையாளம் காணவில்லை. எம் அணிக்கு வெளியே நின்றவர் கண்டார்.

ஷீஹன் உயிரோடிருந்தால் ஹோம்ஸ் வேறு விதமாகத் தீர்த்திருப்பார் என்று நாம் சொல்ல வரவில்லை. பத்தாண்டுக் கடிதங்கள் அசைக்காத மனத்தைப் பதினோராவது கடிதம் அசைத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. சுவாரெசின் நூலைக் கேட்டுப் பெற்றவர் அதன் மையக் கருத்தைத் தீர்ப்பெழுதும் வேளையில் நினைத்தாரல்லர். நாம் சொல்ல வருவது இவ்வளவே: எந்த மனிதப் பிறவியையும் ஓர் எண்ணாகவோ சுமையாகவோ கணித்தல் தகாது என்று, வாதத்துக்கு அப்பாற்பட்ட உறுதியோடு சொல்லக்கூடிய நண்பர் ஒருவர் ஹோம்சுக்கு ஒருகால் இருந்தார். 1927இல் அவருடைய தபாலில் அத்தகைய நண்பரின் கடிதம் இருக்கவில்லை.

1940களில் அமெரிக்க யேசு சபைக் குருமார் சிலர், இறந்துபோன ஹோம்சைச் சர்வாதிகாரத் தத்துவத்தின் முன்னோடி என்று கடுமையாகச் சாடி எழுதினர். அவர்கள் கூறியவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இறந்தவருக்கு எதிராக எழுதிய அக்கட்டுரைகள் எவர் மனத்தையும் திருத்த வல்லனவல்ல. உயிரோடிருந்தவருக்கு எழுதப்பட்ட கடிதங்களுக்கு அவ்வாய்ப்பேனும் இருந்தது. அதே திருச்சபையின் சிற்றூர்க் குருவானவர் தெரிந்தெடுத்த வழி அது.

கொள்கையிற் சமரசம் செய்வதன்று நட்பு. இவ்விருவரும் ஓரங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. தம் கொள்கையின் குருட்டுப் புள்ளியைத் தாமே காணுதல் எவர்க்கும் அரிது. அதனை வேறொரு நிலத்தில் நிற்பவனே காண்பான். அவனைப் பகைவனென்று தள்ளிவிட்டால் காட்டுவதற்கு ஆளில்லாது போகும். எமது நாட்டில் மொழியாலும் மதத்தாலும் கட்சியாலும் பிரிந்து, தம்மவர்க்கு மட்டுமே எழுதி, தம்மவர் எழுதுவதை மட்டுமே படித்து வாழ்ந்தமையின் விலை எத்துணைப் பெரிது என்பதை எமது தலைமுறைக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வினவிய மாணவர்க்கு இப்போது விடை கூறலாம். உணர்வு ஒவ்வாதோரும் நண்பராகலாம். பிசிராந்தையார் வடக்கிருந்த சோழனுக்குத் துணையாக வந்தமர்ந்தார். டொனறேயிற் குருவானவரோ தமக்கு உடன்படாத நண்பரின் கையில், அவர் ஏற்காத நூலொன்றைக் கொடுத்துவிட்டுச் சென்றார். முன்னையது போற்றத்தக்கது. பின்னையது எம் காலத்துக்கு வேண்டப்படுவது.